பின்சீட்டில் ஈரம்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சேலத்தில் மோட்டார் ரிப்பேர் பார்த்துவந்த வேடியப்பனுக்கு நடந்தது இது. வெள்ளைக்காரத் துரைகள் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் நடத்திய காலம். பேய், பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற மனுஷர் அவர். ஆனால் அந்த ஒரு நாளைப் பற்றி யார் கேட்டபோதும் ஒரே மாதிரிதான் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கரடியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட். துரையின் பெரிய கறுப்புக் காரில் தண்ணீர் ஒழுகுகிறது என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். துரையும் துரைசாணியும் மெட்ராஸ் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் வண்டி சரியாக வேண்டும். பங்களாவைப் பார்த்துக்கொண்ட பட்லர் பொன்னுவேல் ஷெட்டைத் திறந்துவிட்டுப் போனார்.

எஞ்சின் சூடேறாமல் இருக்க ரேடியேட்டரில் தண்ணீர் நிற்க வேண்டும். இந்த வண்டியில் நிற்கவில்லை. காலையில் கழுத்து வரை ஊற்றினால் சாயங்காலம் காலி. வேடியப்பன் ரேடியேட்டரைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஊதிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. இருந்தாலும் சந்தேகத்துக்கு இரண்டு இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ரப்பர் குழாயை மாற்றினார். பம்பைப் பிரித்துப் பூட்டினார்.

மறுநாளும் காலி.

வண்டிக்கு அடியில் அடுப்புச் சாம்பலைப் பரப்பி வைத்தார். சொட்டு விழுந்தால் சாம்பலில் தெரியும். விழவில்லை. எஞ்சின் எண்ணெயில் கலந்திருக்குமோ என்று பார்த்தார். எண்ணெய் சுத்தமாக இருந்தது. தண்ணீர் வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் போகவில்லை. அப்படியானால் எங்கேதான் போகிறது...

தினமும் நாலு மணி வாக்கில் மூடுபனி இறங்கும். பங்களா மறையும், சில்வர் ஓக் மரங்கள் மறையும், கடைசியில் ஷெட்டின் வாசலே மறையும். அந்த நேரத்தில் ஒரு ஆள் வந்து நிற்பான். தோளில் கம்பளி, முழங்கால் வரை செம்மண். உள்ளே வரமாட்டான்.

"ஏனுங்க, வண்டி சரியாயிருச்சுங்களா?"

"இன்னும் ஒழுகுதுப்பா."

"சரிங்க."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விடுவான். துரையின் ஆள்தான் விசாரித்துவிட்டுப் போகிறான் என்று வேடியப்பன் நினைத்துக்கொண்டார். பட்லரிடம் கேட்டபோது, "அவன் பேரு சின்னையன். அவன் எப்பக் கேட்டாலும் ஒழுகுதுன்னே சொல்லிப்போடுங்க" என்றார் பொன்னுவேல். ஏன் என்று சொல்லவில்லை.

ஒரு நாள் துணி எடுப்பதற்காக வேடியப்பன் காரின் பின்கதவைத் திறந்தார். சீட்டில் கை ஊன்றினார்.

ஈரம்.

மேலே பார்த்தார். கூரை காய்ந்திருந்தது. மழை பெய்தும் பல நாளாயிற்று. தோல் சீட்டு முழுக்கத் தண்ணீர் தேங்கி, ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர். எஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்த்தார். கல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

அவர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கூட்டிப் பெருக்குகிற அத்தாயி வாசலில் வந்து நின்றாள்.

"தொடைக்காதீங்க பிட்டரய்யா. எத்தனை தொடைச்சாலும் வரும்."

"என்ன சொல்றீங்க?"

அவள் பங்களாப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். போன ஐப்பசியில் சின்னையன் பெண்சாதி அருக்காணிக்கு இடுப்பு வலி எடுத்தது. தலைச்சன் பிள்ளை. விடியற்காலையிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை மட்டும் வரவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள் என்று சின்னையன் பங்களாவுக்கு ஓடிவந்து வண்டி கேட்டான். தண்ணீர் ஒழுகுகிறது, சரியானதும் கொண்டுபோகலாம் என்று துரை சொல்லியனுப்பினார்.

"சரியானதும் கிளம்பிரலாம்னு அவளைக் கட்டிலோட தூக்கியாந்து இந்த ஷெட்டு வாசல்ல போட்டோமுங்க. பொழுதுக்கும் கெடந்தா. கட்டிலெல்லாம் தண்ணி. இவன் வந்து வந்து கேப்பான், சரியாயிருச்சுங்களா, சரியாயிருச்சுங்களான்னு."

"அப்புறம்?"

"சாயங்காலம் துரைசாணி கிளப்புக்குப் போவணும்னாங்க. கட்டிலை ஓரமா நகத்தச் சொல்லிப்போட்டு, இதே வண்டியிலதான் போனாங்க. ஒழுக்கு ஒண்ணும் இல்லீங்க அய்யா. அன்னிக்கு ஒழுகவே இல்லை. அவ செத்த மறுநாள்லயிருந்துதான் ஒழுகுது."

வேடியப்பன் துடைத்த துணியைக் கீழே போட்டார். உண்மையிலேயே ஒழுகியிருந்தாலும் என்ன? ஒரு டின் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, வழியில் ஊற்றி ஊற்றிச் சேலம் வரை ஓட்டியிருக்கலாம். அந்த மனுஷனிடம் இத்தனை நாளாக அதே பதிலைத் தானும் சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்தபோது அன்று இரவுச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு வந்தால் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வார்த்தையாவது அவன் காதில் விழட்டும் என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை ஷெட்டுக்குள் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் பங்களா வாசலில் கூட்டமாகப் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்ப்பதற்குள் அடங்கிவிட்டது. பொன்னுவேலிடம் கேட்டதற்கு, "கூலிக்காரங்க. ஏதோ தகராறு" என்றார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அத்தாயி அன்று வேலைக்கே வரவில்லை.

நாலு மணி. மூடுபனி இறங்கியது.

"ஏனுங்க, வண்டி சரியாயிருச்சுங்களா?"

வழக்கத்தைவிடக் கிட்டத்தில் நின்றிருந்தான்.

"சரியாயிருச்சு சின்னையா. கூட்டிக்கிட்டு வா."

சின்னையன் அவரையே பார்த்தான். பிறகு பனிக்குள் போனான். திரும்பி வந்தபோது இரண்டு கையையும் முன்னால் நீட்டி மடக்கி, எதையோ ஏந்திக்கொண்டு வந்தான். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் பாரம் தாங்காமல் முதுகு பின்னால் வளைந்திருந்தது.

பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று வேடியப்பன் நினைத்தார். எப்படியும் வண்டியை ஓட்டிப் பார்த்தாக வேண்டும், இவனையும் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் மனசு ஆறும். பின்கதவைத் திறந்துவிட்டார். சின்னையன் குனிந்து, கையில் இல்லாததை மெதுவாகச் சீட்டில் கிடத்தினான். தானும் ஏறிக்கொண்டான்.

ஸ்பிரிங் கிறீச்சிட்டது. வண்டியின் பின்பக்கம் ஒரு தடவை தாழ்ந்தது.

மறுபடியும் ஒரு தடவை தாழ்ந்தது.

வேடியப்பனுக்கு அப்போதே இறங்கி ஓடிவிடத் தோன்றியது. கை தானாக ஸ்டியரிங்கைப் பிடித்தது. வண்டி ஒண்டிக்கடை முக்கைத் தாண்டிச் சேலம் போகும் மலைப்பாதையில் இறங்கியது. விளக்கு வெளிச்சத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. தலைக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தார். சின்னையன் மட்டும் தெரிந்தான். குனிந்து மடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

முதல் வளைவு திரும்பினார்.

பின்னால் மூச்சுச் சத்தம். வேகமான மூச்சு. இரண்டு பேருடையது.

"பல்லைக் கடிச்சுக்க கண்ணு..." சின்னையனின் குரல். "வந்துருச்சு... வந்துருச்சு..."

ஒரு முனகல். பெண் குரல். வளைவுக்கு வளைவு அது கூடியது.

அவருடைய சீட்டின் முதுகை ஏதோ பிடித்தது. தோலில் நகம் பதிகிற சத்தம். சரியாக அவருடைய தோள்பட்டைக்குப் பின்னால்... பிடி இறுகியது... விட்டது... மறுபடி இறுகியது...

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ரேடியேட்டர் கொதிக்கவில்லை.

ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

கடைசி வளைவு. முனகல் நின்றது.

ஒன்றும் இல்லை... ஒன்றும் இல்லை...

பிறகு, ஒரு குழந்தை அழுதது.

ஒரே ஒரு தடவை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி அவர் இறங்கியபோது ஆறு மணி அடித்தது. பின்கதவு மூடியபடியே இருந்தது. திறந்தார். யாருமில்லை. சீட்டைத் தொட்டார். எலும்பு போலக் காய்ந்திருந்தது. அவருடைய சீட்டின் முதுகில் நான்கு நகக் கீறல்கள்.

அன்று மலையேற அவருக்குத் தைரியம் வரவில்லை. சேலத்தில் தன் வீட்டிலேயே படுத்துவிட்டு மறுநாள் காலை வண்டியோடு திரும்பினார். எஸ்டேட்டுக்குள் நுழையும்போது கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் பக்கம் பறைச் சத்தம் கேட்டது. வழியில் அத்தாயி தலையை விரித்துப்போட்டு நின்றிருந்தாள்.

"யாருக்குங்க?"

"சின்னையனுக்குத்தான். நேத்துக் காலையில மரத்துல ஏறிக் கிளை கழிக்கையில விழுந்துட்டான். மூச்சு இருந்துச்சுங்க. வண்டி கேக்க அத்தனை பேரும் பங்களாவுக்கு ஓடியாந்தோம். ஒழுகுதுன்னு பட்லரு திருப்பி அனுப்பிச்சுட்டாரு. உச்சிப் பொழுதுக்கு உசுரு போயிருச்சு."

"நான் ஷெட்டுக்குள்ளதானே இருந்தேன்..."

"இருந்தீங்க. தட்டற சத்தம் கேட்டுச்சு. உங்ககிட்ட விடலைங்க."

வேடியப்பன் நேராகப் பங்களாவுக்குப் போனார். பொன்னுவேல் துரையின் பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். பட்லர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்குத்தான் பொய் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். நேத்துச் சொன்னது பொய்யில்லையே. ஒழுகத்தானே செஞ்சுது?"

வேடியப்பன் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. சாமானைக் கட்டிக்கொண்டு இடுகாட்டுக்குப் போய் ஒரு பிடி மண் போட்டார். திரும்பும்போது, தான் சின்னையனைச் சேலம் கொண்டுபோய் விட்டதை அத்தாயியிடம் சொன்னார்.

"நாலு மணிக்கு நாங்க அவனைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தோமுங்க" என்றாள் அவள். "கை ரெண்டும் மடங்கிப் போச்சு. எதையோ ஏந்தற மாதிரி. ரெண்டு ஆம்பளைங்க இழுத்தும் நிமிரலை. துணி சுத்த முடியாம நொம்ப நேரம் அப்படியே விட்டுட்டோம். விளக்கு வெக்கற நேரத்துல நான் ஒருத்திதான் பக்கத்துல இருந்தேன்..."

"சொல்லுங்க."

"யாரும் தொடலீங்க. கை ரெண்டும் தானா நிமிந்துச்சு."