நீதிபதிக்குப் பாராட்ட வராது

வகுப்பில் அவனுக்கு நீதிபதி என்று பெயர். யார் பாடம் நடத்தினாலும் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பான். ஆசிரியர் பயிற்சிக்காகப் பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த கூட்டம் அது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஊர் மொழி ஒன்றுதான். அதையும் ஆளுக்கொரு விதமாகக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. தினம் ஒருவர் ஆசிரியராக நின்று பாடம் நடத்த, மற்றவர்கள் சின்னப் பிள்ளைகளாக மாறி பெஞ்சில் உட்கார வேண்டும். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறந்தால் அற்புதம், பிரமாதம் என்று கொட்டினார்கள். மார்க்கரைக் கீழே போடாமல் பிடித்திருந்தாலே கைதட்டல்தான். நீதிபதிக்கு அதைக் கேட்கவே கூச்சமாக இருக்கும்.

அவன் வளர்ந்த வீடு அப்படி. எலக்ட்ரீஷியனான அப்பாவின் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டே "பரவாயில்லை" என்பதுதான். அதற்கும் அவர் நல்ல மனநிலையில் இருக்க வேண்டும். அம்மாவின் சமையல் நன்றாக இருந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ரொம்ப நன்றாக இருந்தால் "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பார்கள். ரசித்துச் சாப்பிட்டவனுக்குத்தானே அது தெரியும்? அம்மாவுக்கும் அதைக் கேட்டால் உச்சி குளிர்ந்துவிடும். அந்த வீட்டில் குறை சொல்வதும் ஒரு வகைக் கொஞ்சல்தான். கடல் தாண்டி வரும்போது அந்தக் கொஞ்சலையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டான் பாவி.

அவனுடன் படித்தவர்களில் ஒருத்தி பல வருஷம் பேக்கரியில் மாவு பிசைந்தவள். இரண்டு பிள்ளைகளையும் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, வேறொரு நாட்டிலிருந்து தனியாக வந்திருந்தாள். முதல் வாரம் இவன் பஸ் மாறி ஏறித் தொலைந்தபோது போனிலேயே வழி சொல்லிக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான். அன்றிலிருந்து அவள் அவனுக்கு அக்கா. அக்கா என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பதிலுக்குத் தம்பி என்று கூப்பிடவும் பழகிக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் ஏற்கெனவே பாடம் சொல்லிக் கொடுத்த அனுபவம் இவனுக்கு மட்டுமே உண்டு. ஊரில் பல வருஷம் டியூஷன் எடுத்தவன். அதனால் இவன் சொல்வதுதான் அக்காவுக்கு வேதவாக்கு.

அக்காவின் முறை வந்தது. பின்னம் நடத்தினாள். பிள்ளையாக உட்கார்ந்திருந்த நெட்டையன் என்ற வகுப்புத் தோழன், அரையைவிடக் கால்தான் பெரிது, நாலு ரெண்டைவிடப் பெரிது இல்லையா என்று வேண்டுமென்றே வம்பு பண்ணினான். அக்கா தப்பு என்று சொல்லவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு தாளைக் கொடுத்து, முதலில் அரையாக, அப்புறம் காலாக எனக்கும் மடித்துக் காட்டு என்றாள். மடித்தான், மறுபடி மடித்தான், சட்டென்று நின்றான். சின்னதாகிக்கொண்டே போகிறதே என்று அவனே சிரித்துவிட்டான். நடிக்க வந்ததையே மறந்துவிட்டான் அந்த மனுஷன்.

நீதிபதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவனாக இருந்தால் தப்பு, அடுத்தவன் சொல்லு என்று தாண்டிப் போயிருப்பான்.

அபிப்பிராயம் சொல்ல எழுந்தவன், "பரவாயில்லை" என்றான். பிறகு, சார்ட்டில் எழுத்து சின்னது, முதுகைக் காட்டிக்கொண்டு எழுதுகிறீர்கள், வாக்கியத்தின் கடைசியில் குரல் இறங்கிவிடுகிறது என்று ஒன்றுவிடாமல் அடுக்கினான். யாருக்கும் இவ்வளவு நேரம் அவன் பேசியதில்லை. அக்கா குனிந்து எழுதிக்கொண்டாள். எவ்வளவு அக்கறையாகக் குறித்துக்கொள்கிறாள் என்று இவனுக்குள் ஒரே பூரிப்பு.

மறுநாள் அக்கா வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. நெட்டையன்தான் காபி மெஷின் பக்கம் இவனைத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னான். படிப்பை நிறுத்திக்கொள்வதாக அக்கா அலுவலகத்தில் சொல்லிவிட்டாளாம், நாளைக்கு விமானம்.

"நீ ஒருத்தன்தான் பொய் சொல்லாதவனாம். உனக்கே பிடிக்கலைன்னா தனக்கு இந்த வேலை வராதுன்னு முடிவு பண்ணிட்டாங்க."

நீதிபதி அடுத்த வகுப்பை விட்டுவிட்டுப் பெண்கள் விடுதிக்கு ஓடினான். படியேறும்போதே ஒத்திகை பார்த்தான். பிரமாதம் என்று சொல்லிப் பார்த்தான். நாக்கு எழும்பவே இல்லை.

அறைக்கதவு திறந்திருந்தது. அக்கா பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தச் சார்ட்ல எழுத்து..." என்றுதான் அவன் வாயில் வந்தது.

"அதையும் எழுதி வச்சிருக்கேன் தம்பி. நீ கிளம்பு."

கிளம்பவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷம் டியூஷன் எடுத்தேன்க்கா. தப்பாச் சொன்ன பிள்ளை பக்கத்துல ஒரு நாள்கூடப் போய் உட்கார்ந்ததில்ல. நீங்க உட்கார்ந்தப்போ, சின்ன வயசுல உங்ககிட்ட படிச்சிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு."

அக்கா அவனையே பார்த்தாள். "அதை அங்கேயே சொல்றதுக்கென்ன?"

"வராதுக்கா. எங்க வீட்ல நல்லா இருந்தாத்தான் உட்கார்ந்து குறை சொல்லுவோம். நல்லா இல்லாததுக்கு எவன் மெனக்கெடுவான்?"

அக்கா போனை எடுத்தாள். திரும்பி வருகிறேன் என்று சொன்னதற்குத் தன் அம்மா, சரி வா என்றதோடு முடித்துக்கொண்டாராம். அவரும் தன்னை லாயக்கில்லாதவள் என்றுதான் நினைத்திருக்கிறார், இப்போது சொன்னதை அவரிடமும் சொல் என்றாள். திரையில் ஓர் அம்மாள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"உங்க பொண்ணு ரொம்ப நல்ல டீச்சர்மா" என்றான் நீதிபதி. வந்துவிட்டது. ஒரு தடவை வந்ததும் அடக்க முடியவில்லை. தாள் மடித்த கதை வரைக்கும் சொல்லித் தீர்த்தான். தன்னைப் பற்றிய புகழையெல்லாம் தானே தன் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததால் அக்கா வெட்கத்தில் தலையே நிமிரவில்லை. அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெடுக்கென்று ஏதோ சொன்னார். அக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

என்ன சொல்கிறார் என்று பயந்துகொண்டே கேட்டான்.

"'அது எனக்குத் தெரியாதா? தெரியாமலா ரெண்டு பிள்ளைங்களையும் நான் வச்சுக்கிட்டு உன்னை அனுப்பினேன்?'னு கேக்கிறாங்க." அக்காவின் குரல் உடைந்தது. "ஒரு நாளும் என்கிட்ட சொன்னதில்ல தம்பி."

அழுகைக்கு நடுவே அக்கா பெட்டியிலிருந்து இறங்கி ஜிப்பைத் திறக்க இழுத்தாள். பெட்டியை இப்போதே திற, துணியெல்லாம் கசங்குகிறது பார் என்று போனில் அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.