சேவலுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் கோழி என்று சொன்னாலே வாய் கொப்பளிக்க வேண்டும். முக்கூடலில் அப்படியொரு சைவ வீட்டின் மாட்டுத் தொழுவத்தில் சீமைக் கோழி வளர்த்தவர் என் தாய்மாமா. எப்.ஏ. பரீட்சையில் தவறிவிட்டு அக்காள் வீட்டுச் சோற்றில் இருந்தவர். சீமைக்குத் திரும்பிய ஒரு பாதிரியார் கொடுத்துப்போன லெகார்ன் என்ற வெள்ளைக் கோழியின் முட்டைகளை நாட்டுக்கோழிக்கு அடியில் வைத்துப் பொரிக்கச் செய்தார். அந்த இனத்துச் சேவலுக்கு உண்டான இலக்கணமும் அவருக்கு மனப்பாடம். கொண்டையில் ஐந்து பல், பால்வெள்ளைக் காதுமடல், மஞ்சள் கால், உடம்பில் வேற்று நிறமே கூடாது. முன்கட்டில் அப்பா தேவாரம் ஓத, பின்கட்டில் மாமா இதை ஓதினார். கோழியைத் தொட்டவர் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாமாவுக்குச் சளி விட்டதே இல்லை.

பாளையங்கோட்டையில் கோழிக் கண்காட்சி என்று தெரிந்ததும் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

“ஏ மாப்பிள, பரிசோட வாரும். இல்லன்னா கோழியை எவனுக்காவது குடுத்துட்டு வள்ளியூர் மளிகைக் கடையில போயி மூடை எண்ணும்வே.”

கடையை நினைத்தாலே மாமாவுக்குக் காய்ச்சல் வரும். கண்காட்சிக்கு முந்தின நாளே சேவலைப் பூந்திக்கொட்டை நுரையில் குளிப்பாட்டி, துடைத்து, கூடையில் மூடி வைத்தார். விடியலில் மாமாவும் நானும் வண்டி கட்டினோம். ஆற்றில் குளித்துப் பூசையும் முடித்திருந்த அம்மா, ஏனோ மறுபடியும் தலை சொட்டச் சொட்ட வாசலில் நின்றாள். “பைய போங்க” என்றாள்.

நடுவராக வந்தவர் சர்க்கார் பண்ணைத் துரை. மாமாவின் சேவலைத் தூக்கிக் கொண்டைப் பல்லை எண்ணினார், சிறகை விரித்தார், தலையாட்டினார். பிறகு அதன் முகத்தைத் திருப்பினார். வெள்ளைக் காதுமடலில் வட்டமாக ஒரு மைப்பொட்டு.

அப்போதுதான் மாமாவே அதைப் பார்த்தார். அழுக்கு என்று சொல்லியிருக்கலாம். அக்காள் வைத்தது என்றார். திருஷ்டிக்கு இங்கிலீஷ் கிடைக்காமல் பரீட்சையில் திணறியது போலவே திணறினார். கடைசியில், செயற்கைச் சாயம் பட்ட பறவையைத் தள்ளவேண்டும் என்பதுதானே விதி என்று அவரே எடுத்துக் கொடுத்தார். குறையை மறைக்கிறவர்களுக்காக எழுதிய விதி அது; இல்லாத குறையை உண்டாக்குகிறவர்களை எழுதியவர் கண்டிருக்க மாட்டார். பிற்காலத்தில் சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெறும்வரை நானும் எத்தனையோ மனுக்களை விதி காட்டித் திருப்பியிருக்கிறேன். தன் மனுவைத் தானே தள்ளச் சொன்னவர் ஒருவரும் வந்ததில்லை.

துரை சிரித்துவிட்டு, அடுத்த கூண்டைக் காட்டி அதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்றார். கொண்டை சாய்கிறது, காதுமடலில் சிவப்பு ஓடுகிறது என்றார் மாமா.

“என்னவே, உம்ம சேவல் போச்சுன்னா எஞ்சேவலையும் சேர்த்தா இழுப்பீரு?” என்று அதன் சொந்தக்காரர் பாய்ந்தார். மாமா அதற்குள் மூன்றாவது கூண்டுக்குப் போயிருந்தார்.

பரிசு வேறு யாருக்கோ போயிற்று. வண்டியில் நான் அழுதுகொண்டே வந்தேன். மாமாவோ சேவலை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பண்ணைக் கோழிகளைப் பார்த்துக்கொள்ள வருகிறாயா என்று துரை கேட்டிருந்தார்.

“பொட்டு வேல செஞ்சுட்டுல்லா!” என்றாள், வீட்டில் சேதி கேட்ட அம்மா. அப்பா தேவாரம் ஓதப் போய்விட்டார்.

பரிசைக் கெடுத்தவள் என்று நான் அம்மாவிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. கோழி நடந்த இடத்தைக்கூட மிதிக்காதவள் அந்தச் சேவலின் தலையைக் கையில் பிடித்துத்தான் பொட்டு வைத்திருக்க முடியும் என்பதோ, அன்று விடியலில் ஏன் இன்னொரு முறை குளித்தாள் என்பதோ, அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.