மாலை போட்ட மாதத்தில் உப்பு பார்த்தது

1. பாதிப் புருவம்

கிரில் கவுண்டரில் நின்ற முதல் நாளே என் இடது புருவத்தில் பாதி பொசுங்கிப்போனது. கம்பியில் கோத்திருந்த சிக்கனிலிருந்து கொழுப்பு சொட்டி, கரி குப்பென்று பற்றியது. நான் அதை ஊதி அணைக்கலாம் என்று குனிந்தேன். வீட்டு விறகடுப்பை ஊதிப் பழகிய புத்தி.

"மூஞ்சியக் கொண்டு போயி நெருப்புக்குள்ள வெக்காத புஷ்பம்! கம்பியத் தள்ளி வையி!" என்று வாசற்படியிலிருந்து ஒரு குரல் கத்தியது.

கத்தியவர் பழனிசாமி மாஸ்டர். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறைய விபூதி, காலில் செருப்பில்லை. கிரில் அவருடைய இடம். ஆனால் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டதிலிருந்து கோழியைத் தொடமாட்டார். கோழி இருக்கிற பாத்திரத்தையும் தொடமாட்டார். சைவப் பக்கம் சாம்பாரும் பொரியலும் பார்த்துக்கொண்டே, நடுநடுவே கிரில் பக்கத்து வாசற்படி வரைக்கும் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவார்.

ஏற்காட்டில் ஹோட்டல் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். கார்த்திகையிலும் மார்கழியிலும் கிச்சனில் பாதிப் பேர் கழுத்தில் மாலை இருக்கும். அதே இரண்டு மாதம்தான் டூரிஸ்ட் எல்லாம் பனி பார்க்க மலையேறி வந்து, நெருப்பில் சுட்ட கோழி கொண்டா என்று உட்காருவார்கள். கேட்க ஆள் இருக்கும், சுட ஆள் இருக்காது. எங்கள் ரிசார்ட்டில் மாற்றாக இருந்த கிரில் மாஸ்டரும் அந்த வருஷம் பெங்களூருக்கு ஓடிவிட்டார்.

மேனேஜர் கோபிநாத் சார் கிச்சன் முழுக்கத் தேடி, கடைசியில் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வந்தார். அங்கேதான் நான் இருந்தேன்.

"ஏம்மா, நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே? மாலை கீலை ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க சார்."

"அப்ப நாளையிலேருந்து கிரில்ல நில்லுங்க. சாமி மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும்."

மாலை போட்டவரைப் பேர் சொல்லக் கூடாது, சாமி என்றுதான் சொல்ல வேண்டும். சார் சொன்ன சாமி, பழனிசாமி மாஸ்டர். எனக்குக் கிரில் கிடைத்த கதை இவ்வளவுதான். மற்றவர்கள் கேட்டரிங் காலேஜ் சர்டிபிகேட் காட்டுவார்கள். நான் வெறும் கழுத்தைக் காட்டினேன்.

2. கை சூடாக இருக்கிற வேலை

அந்த இடத்தை விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டும்.

நான் இதே மலையில் மஞ்சக்குட்டை ஊர்க்காரி. கல்யாணம் ஆனதிலிருந்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள். பழம் பழுப்பது கார்த்திகை, மார்கழிக் குளிரில். செடி முழுக்கப் பனி நின்றிருக்கும். கையை உள்ளே விட்டால் தோள் வரைக்கும் நனையும். விரல் மரத்துப்போய்ப் பழத்தைப் பிடித்தோமா இலையைப் பிடித்தோமா என்றே தெரியாது. உள்ளே செவ்வெறும்புக் கூடு இருந்தால் அது மட்டும் நன்றாகத் தெரியும். அதிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் ரிசார்ட்டில் பாத்திரம் கழுவ வந்தேன். இங்கேயும் பச்சைத் தண்ணீர்.

கிளம்பும்போது எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "பழம் எடுக்குற சீசன்ல உட்டுப்போட்டுப் போறவளுக்கு இங்க மறுபடி எடமில்ல, பாத்துக்க." பாத்திரம் கழுவுகிற வேலையும் சீசன் முடிகிற வரைக்கும்தான். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆகிவிடும்.

அப்படி இருந்தவளைக் கொண்டுபோய் நெருப்பு முன்னால் நிறுத்தினார்கள். பழைய காப்பிச் செடியை வெட்டிச் சுட்ட கரி அது, நின்று எரியும். முதல் நாள் புருவம் போனதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. டிசம்பர் மாதத்தில் என் கை சூடாக இருந்தது. வேறு எதையும் விட அந்தச் சந்தோஷம்தான் பெரிது.

அதனால் நேர்ந்துகொண்டேன். இந்த வேலை எனக்கு நிலைக்க வேண்டும், அதற்காக கிறிஸ்துமஸ் பூசை முடிகிற வரைக்கும் கறி, மீன் எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்டேன். சொன்னபோது அதில் இருக்கிற கோளாறு எனக்கு உறைக்கவில்லை.

3. சிக்கன் ஊறுகிற விதம்

சமையல் குறிப்பு கேட்டவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்கிறேன். தொடைக் கறிதான் எடுக்க வேண்டும், நெஞ்சுக் கறி நெருப்பில் காய்ந்துபோகும். தயிர், மிளகு, பூண்டு, அரைத்த புதினா, கொத்தமல்லி, பொடியாக நறுக்கிய ரோஸ்மேரி. ரோஸ்மேரியை ரிசார்ட் வாசலில் அழகுக்காக வைத்திருந்தார்கள். நான் கத்தரிக்கோலோடு போனாலே தோட்டக்காரர் முறைப்பார். எங்கள் மலை ஆரஞ்சின் தோலைத் துருவிக் காலையிலேயே போட்டுவிடலாம், மணம் நன்றாக இறங்கும். சாற்றை மட்டும் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். புளிப்பில் வெகுநேரம் கிடந்தால் கறி வெளுத்து, கடித்தால் மாவு மாதிரி இருக்கும். எலுமிச்சை என்றால் இன்னும் மோசம். மூங்கில் குச்சியில் சுடுவதென்றால் குச்சியைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் கோழிக்கு முன்னால் குச்சி வெந்துவிடும்.

உப்பு, சாற்றோடு சேர்த்துக் கடைசியில். மாஸ்டரின் பழக்கம் என்னவென்றால், உப்புப் போட்டுக் கலந்ததும் மசாலாவில் ஒரு சொட்டைப் புறங்கையில் தொட்டு நக்கிப் பார்ப்பார். அளவு கரண்டி எல்லாம் அவரிடம் கிடையாது. நாக்குதான் கரண்டி.

மாலை போட்ட பிறகு அந்த நாக்கு லீவில் போய்விட்டது. கோழி ஊறுகிற மசாலாவை அவர் எப்படி நக்கிப் பார்ப்பார்? மற்ற நாட்களில் ரூம் சர்வீஸ் பையன் யாராவது ஒரு துண்டு தின்று, நல்லா இருக்குக்கா என்பான். என்ன கொடுத்தாலும் அதையேதான் சொல்வான்.

4. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்

அன்றைக்கு சாயங்காலம் ஒரு பெரிய குடும்பம் லானில் பார்ட்டி சொல்லியிருந்தது. முழுக்க கிரில். சார் காலையிலேயே வந்து எச்சரித்துவிட்டார்.

"இன்னைக்கு ஒழுங்கா பண்ணிட்டீங்கன்னா உங்களை இங்கேயே வெச்சுக்க ஓனர்கிட்ட பேசுறேன். சொதப்பிட்டீங்கன்னா நியூ இயரோட கிளம்ப வேண்டியதுதான். வருத்தப்படக் கூடாது."

மாஸ்டருக்கும் அன்று பரபரப்பு. எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று மிளகையும் மற்றதையும் அவரே சைவப் பக்கத்தில் இடித்துப் பொடியாக்கிக் கொடுத்தார். பொடியில் என்ன பாவம் இருக்கிறது? அதிலேயே உப்பையும் கலந்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. நானும் அந்தப் பொடியைக் கறியில் கலந்து ஊறவைத்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் சாறு ஊற்றுகிற நேரம் வாசற்படியில் வந்து நின்றார்.

"ஆரஞ்சு ஊத்திப்போட்டியா? உப்பப் போடு. நல்லா ரெண்டு கை போடு."

"பொடியில இல்லீங்களா சாமி?"

"என்னிக்குப் பொடியில போட்டிருக்கேன்? போடு போடு."

வாய் சொன்னது பழக்கம். காலையில் கை செய்தது அவருக்கு ஞாபகமே இல்லை. போட்டேன். கலக்கும்போது மனசு உறுத்தியது. ஒரு சொட்டு நக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் விரதம், நான் நேர்த்திக்கடன். பார்ட்டிக்கான கோழிப் பேசின் நடுவில் இருக்க, ஆளுக்கு ஒரு பக்கம் பக்தியாக நின்றுகொண்டிருந்தோம்.

கடைசியில் ஒரே ஒரு குச்சியை மட்டும் முன்னாலேயே சுட்டேன். வெளியே கெஸ்ட்டை இறக்கிவிட்டு ஜீப்பில் சாய்ந்திருந்த டிரைவர் கிளியூர் மணியிடம் கொடுத்தேன். வாயில் போட்டார். மெல்வதை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க புஷ்பம்மா, கோழிய ஊறுகாய் போட்டிருக்கீங்களா?"

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். மாஸ்டர் வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஐயையோ, பொடியில போட்டனே! நாந்தான் போட்டேன், நாந்தான் போடச் சொன்னேன்!" என்று புலம்பினார். சரணம் ஐயப்பா என்று நாலு முறை சொன்னார். ஐயப்பன் வந்து உப்பை எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"சாமி, சரணத்த அப்பறம் சொல்லலாம். வேற கோழி இருக்குதுங்களா?"

"இல்ல. டவுன்லயும் இந்நேரம் இருக்காது, நாளைக்குப் பண்டிகை."

"அப்ப இதையேதான் சரி பண்ணோணும். உங்கூட்டுல குழம்பு கரிச்சா என்ன பண்ணுவீங்க?"

"ஊட்டுக்காரி உருளைக்கிழங்கு போடுவா," என்றார். சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

இரண்டாவது உப்புச் சேர்ந்து அதிக நேரம் ஆகாததுதான் எங்களைக் காப்பாற்றியது. மசாலாவை எல்லாம் வழித்துக் கொட்டி, கறியைக் குளிர்ந்த தண்ணீரில் அலசினேன். பிறகு தண்ணீர் கலந்த பாலில் முக்கி வைத்தேன். மாஸ்டர் அந்தப் பக்கம் புதுத் தயிர், புதினா, ரோஸ்மேரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் உப்பில்லாமல் கலந்து, பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். நான் போய் எடுத்துக்கொள்வேன். குச்சியில் கோக்கும்போது ஒரு துண்டு கறி, ஒரு துண்டு சௌசௌ. உருளை வெந்து தீராது, சௌசௌ சீக்கிரம் வேகும், சொந்த ருசி கிடையாது, உப்பு எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ரிசார்ட்டுக்குப் பின்னால் பந்தல் நிறையக் காய்த்துத் தொங்கியது.

மறுபடி ஒரு குச்சியைச் சுட்டு மணியிடம் கொண்டு போனேன். தின்றுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் தெரியலீங்க. மொதல்ல குடுத்ததுல நாக்கே செத்துப்போச்சு. இப்ப நீங்க சக்கரை குடுத்தாலும் எனக்குக் கரிக்கும்."

லானில் விளக்குப் போட்டுவிட்டார்கள். ரூம் சர்வீஸ் பையன்கள் எல்லாம் அங்கே பரிமாறப் போய்விட்டார்கள். நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. நான் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் நேர்த்திக்கடன் தெரிந்த மாஸ்டர் என்னையே பார்த்தார். தின்னு என்று அவர் சொல்லவில்லை. விரதத்தில் இருப்பவர் இன்னொருவரை முறிக்கச் சொல்லமாட்டார்.

மாதாவே, இந்த வேலைக்காகத்தானே உன்னிடம் நேர்ந்தேன், இப்போது இந்த வேலைக்காகவே முறிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று மனசுக்குள் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு துண்டைக் கடித்தேன்.

நன்றாக இருந்தது. அத்தனை நாள் கழித்துத் தின்கிற கறி, ஓரம் கருகி, ஆரஞ்சு வாசம் மூக்குக்கு ஏற, அழுகையே வந்துவிட்டது. ஆனால் ருசியில் மயங்கினால் வேலை நடக்காது. இன்னொரு கடி கடித்து உப்பை மட்டும் கவனித்தேன். கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. மேலே தடவுகிற வெண்ணெயை உப்பில்லாத வெண்ணெயாக மாற்றி, சுட்டு இறக்கியதும் மேலே ஆரஞ்சுச் சாறு பிழிந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஈடு இறங்கும்போதும் ஒரு துண்டு தின்று பார்த்துத்தான் லானுக்கு அனுப்பினேன். முறித்தது முறித்தாயிற்று, இனி அரைகுறையாக என்ன?

பார்ட்டியில் ஒரு அம்மா, அந்தப் பச்சைக் காய் என்ன என்று கேட்டு இன்னொரு தட்டு வாங்கிப் போனார். வேறு புகார் வரவில்லை.

5. நாளைக்கு

பார்ட்டி முடிந்ததும் சார் வந்தார். "நல்லா இருந்துச்சும்மா. ஓனர்கிட்ட பேசுறேன். ஆனா கிரில் சாமியோட இடம். அவர் மலைக்குப் போயிட்டு வந்து என்ன சொல்றாரோ அதுதான்."

பண்டிகை முடிந்து ஃபாதரிடம் போய் நேர்த்திக்கடன் முறித்ததைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சௌசௌ நல்லா வேகுதா?" என்று மட்டும் கேட்டார்.

பொங்கல் கழித்து மாஸ்டர் மலையிலிருந்து வந்தார். மாலையைக் கழற்றி, பேன்ட் சட்டை போட்டு, காலில் செருப்போடு வந்தவரைப் பார்க்கவே வேறு ஆள் மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் கரி பற்றவைத்து முடித்திருந்தேன். எத்தனையோ வாரம் தாண்டாத அந்த வாசற்படியைத் தாண்டி நேராக கிரில்லுக்கு வந்தார். அவருடைய நீள இடுக்கி என் கையில் இருந்தது. கொடுத்துவிடுவோம் என்று நீட்டினேன். இதை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அவர் இடுக்கியை வாங்கவில்லை. வெந்திருந்த குச்சி ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, நிதானமாக மென்றார்.

"உப்புக் கம்மி," என்றார்.

"அன்னைக்குப் பயந்ததுல இன்னும் கை வரமாட்டேங்குதுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாளைக்குச் சரியாப் போடு." சொல்லிவிட்டுக் குழம்புப் பக்கம் போய் அங்கே இருந்த அடுப்பைப் பற்றவைத்தார். "நாளானிக்கும்," என்று அங்கிருந்தே கத்தினார்.

அன்றிலிருந்து இன்றுவரை நான்தான் கிரில். கிச்சனில் சேருகிற பிள்ளைகளே, விரதம் இருங்கள், மாலை போடுங்கள், நேர்ந்துகொள்ளுங்கள், நானும் இன்னும் செய்கிறேன். ஆனால் அடுப்பில் நிற்கிற அன்றைக்கு, உப்பு பார்க்க யார் என்று கேட்டுவிட்டுப் பற்றவையுங்கள். யாரும் இல்லை என்றால் அது உங்கள் நாக்குதான்.