ஐந்தரை இறாத்தல் துவக்கு

ஏப்ரல் இருபத்தொன்பது, சனிக்கிழமை. காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வெப்பநிலை ஒரு பாகை. காற்று இல்லை. புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரம் கிழக்கே, ஒரு பண்ணையின் ஓரத்தில், மேப்பிள் மரமொன்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மடியில் வேட்டைத் துவக்கோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது பதினைந்து. என் மகள் இப்போது என்னைக் கணக்குக் கிழவர் என்கிறாள். நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்பது மறந்துவிடுகிறது. இந்த எண்களில் ஒன்றுகூடத் தவறவில்லை.

யோசனை அப்பாவுடையது. தொழிற்சாலையில் அவருடைய சுப்பர்வைசர் ஒரு வெள்ளைக்காரர். வருடம் தவறாமல் வான்கோழி வேட்டைக்குப் போகிறவர். உன் மகனையும் கூட்டிக்கொண்டு வா என்று ஒருநாள் சொல்லியிருக்கிறார். வாய்ப்பேச்சுக்குச் சொன்னாரோ என்னவோ, அப்பா அதைப் பதவி உயர்வு மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தார். டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில், இரண்டு அறைகளுக்குள், அப்பா, அம்மா, நான், தங்கை, அம்மாவின் தம்பியான மாமா என்று ஐந்து பேர் இருந்தோம். அந்த வீட்டுக்கு ஒரு துவக்கு வரப்போகிறது என்றதும் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உதுக்குப் பயந்துதானேயப்பா இஞ்ச ஓடி வந்தனாங்கள்?"

"அது வேற துவக்கு, இது வேற துவக்கு. இந்த நாட்டுப் பிள்ளையளோட இவன் பழக வேண்டாமோ?"

கடையில் நான் முதலில் தூக்கியது பெரிய பன்னிரண்டாம் நம்பர் துவக்கு. ஏழரை இறாத்தல். கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடத்துக்குள் குழலின் நுனி தரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. பிறகு மெலிந்த இருபதாம் நம்பர் ஒன்றை எடுத்துத் தந்தார். ஒற்றைக் குழல். நடுவில் மடித்துத் திறந்து, ஒரு தோட்டாவைப் போட்டு மூடவேண்டும். ஐந்தரை இறாத்தல். தோளில் பதிகிற அதன் மரக்கட்டையை என் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தார். விரல் விசையை எட்டவில்லை. ஒன்றரை அங்குலம் வெட்ட வேண்டும், பாரம் குறைந்த துவக்கு தோளில் இடிக்கும், ஆகவே அடியில் ஒரு றப்பர் பட்டை வைக்கவேண்டும் என்றார். அப்பா அதை இரண்டு கையிலும் ஏந்தி, வத்தகப்பழம் வாங்குகிறவர்போலப் பாரம் பார்த்தார். விலை நூற்றெண்பத்தொன்பது டொலர்.

வீட்டில் மாமா இரவு வேலைக்குப் போகுமுன் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பெருமையோடு துவக்கை அவர் கையில் கொடுத்தார். மாமா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெருவிரலால் தட்டித் திறந்தார். தோட்டா இருக்கிறதா என்று சுண்டுவிரலை விட்டுத் தடவினார். திறந்தபடியே திருப்பிக் கொடுத்தார். எல்லாம் மூன்று விநாடி. மாமா நிறையப் படம் பார்க்கிறவர் என்று நினைத்துக்கொண்டேன். "தேத்தண்ணி ஆறுது, குடியன்" என்று அம்மா அவசரமாகக் கோப்பையை மாமாவிடம் நீட்டினார்.

பல்கணியில் வைத்து அப்பாவே கட்டையை அரிந்தார், றப்பரை ஒட்டினார். வான்கோழிக்குக் கண் கூர்மையாம், குழல் பளபளக்கக் கூடாதாம் என்று மண்நிறப் பூச்சும் அடித்தார். சுப்பர்வைசர் ஒரு மரப்பெட்டியை உரசிப் பேட்டின் குரல் எழுப்புவார், அதைக் கேட்டுச் சேவல் வரும், அப்போது சுடவேண்டும் என்று நான் மாமாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"பொம்பிளைக் குரலில கூப்பிட்டுப்போட்டுச் சுடுறதோ?" என்றார் மாமா. "நல்ல மனுசர்தான்."

வேட்டைக்கு முந்திய ஞாயிறு, ஒரே தோட்டாவிலிருந்து பறக்கிற சின்னக் குண்டுகள் எவ்வளவு அகலத்துக்குச் சிதறுகின்றன என்று கடதாசியில் சுட்டுப் பார்க்கச் சுப்பர்வைசரோடு போனோம். பெரிய தாள் வேண்டும் என்று அப்பா பழைய கோயில் கலண்டர் ஒன்றைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் ஒரு வான்கோழியின் தலையும் கழுத்தும் கீறியிருந்தார். இருபத்தைந்து அடி எடுத்து வைத்து நின்று சுட்டேன். தலையிலும் கழுத்திலும் பதினொரு ஓட்டை. சுப்பர்வைசர் என் முதுகில் தட்டினார். அப்பா அன்று முழுவதும் சிரித்தபடி இருந்தார்.

வீட்டில் தாளை விரித்துக் காட்டினேன். அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில் முருகன்.

"ஐயோ முருகா! ஆரைச் சுட்டுப்போட்டு வந்து நிக்கிறியள்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அவர் தப்பியிட்டார்தானே" என்றார் அப்பா, மெல்லிய குரலில்.

"பதினொண்டும் மயிலிலதான்!" என்றேன் நான். "ஒண்டுகூட வெளியில போகேல்ல."

தங்கை அழுதாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கும். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "துவக்கை என்னட்டத் தா. போறதுக்கு முதல் எண்ணெய் போட்டு வைக்கிறன்" என்றார்.

வெள்ளி பின்னேரம் குசினி மேசையில் அந்த வேலை நடந்தது. அம்மா தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தல் மேசையில் இருந்தது. பிள்ளையின் காதுக்கு மருந்து விடுவதுபோல, துவக்கின் சுத்தியல் விழுந்து தோட்டாவை வெடிக்கவைக்கிற இடத்துச் சின்னத் துளைக்குள் மாமா சொட்டுச் சொட்டாக விட்டார்.

"மாமா, கடைக்காரன் துவக்கு எண்ணெய் தந்தவன்."

"உது மண்ணெண்ணெய் மணக்குது. எங்கட எண்ணெய்தான் சுத்தம்."

பிறகு, விடிய அவசரப்படக் கூடாது என்று சொல்லி, அவரே துவக்கை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினார். இப்படியொரு மாமா யாருக்குக் கிடைப்பார் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலை சேவல் ஆறேகாலுக்கு வந்தது. சுப்பர்வைசரின் பெட்டி இரண்டு தரம் உரசியது. மரங்களுக்கிடையிலிருந்து அது நெஞ்சை நிமிர்த்தி, வாலை விரித்து, கலியாண வீட்டுக்கு வருகிறவர்போல நடந்து வந்தது. இருபது அடி. கழுத்துக்குக் குறி வைத்து விசையை இழுத்தேன்.

டிக்.

தகரப் பேணி மூடி விழுந்த சத்தம், அவ்வளவுதான். சுத்தியலை மறுபடி பின்னால் இழுத்து விசையை அழுத்தினேன். டிக். சேவல் என்னை ஒருமுறை பார்த்தது. வாலை மடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பியது.

சுப்பர்வைசர் துவக்கைத் திறந்தார். துளைக்குள் மெழுகுதிரிபோல வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. நகத்தால் கிண்டி மணந்து பார்த்தார். பிறகு உறைபனியிலேயே குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினார். திங்கட்கிழமை அப்பாவின் லொக்கரில் யாரோ ஒரு முழுத் தேங்காயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம்.

"மூளை இருக்கோடா உனக்கு?" என்று அப்பா மாமாவில் பாய்ந்தார். "பிள்ளையின்ர முதல் வேட்டை! நான் இனி அந்த மனுசன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "எனக்கென்ன தெரியும் அத்தான், துவக்கைப் பற்றி?"

நான் மாமாவோடு பதினாறு நாள் பேசவில்லை. மடையர் என்று ஒருமுறை அவர் காதுபடவே சொன்னேன். அதற்குள் அப்பா துவக்கைச் சுப்பர்வைசருக்கே எழுபது டொலருக்கு விற்றுவிட்டார். கட்டை வெட்டிய துவக்குக்கு அதற்கு மேல் யார் தருவார்கள்?

அந்த வீட்டில் ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரை, நாங்கள் எழும்பும்போது, தேங்காய் எண்ணெய்ப் போத்தல் சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிற்கும். அம்மாவும் தங்கையும் தலைக்கு வைக்கவேண்டும். குளிரில் அது கட்டிபட்டுவிடும். இரவு வேலை முடிந்து வந்து கிண்ணத்தில் அதை வைக்கிறவர் மாமா. ஒவ்வொரு நாளும் நான் அந்தக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் பாண் சாப்பிட்டேன். அதையும் துவக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குப் பிள்ளைகள் பிறக்கவேண்டியிருந்தது.

போன மாதம் பிக்கரிங்கில் மாமாவின் வீட்டுக்குப் போயிருந்தபோது, தெரிந்துதான் அந்த எண்ணெயை விட்டீர்களா என்று நேரே கேட்டுவிட்டேன். மாமா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கோழி ஓடினதோ, நடந்ததோ?"

"நடந்துதான் போனது, மாமா."

"அப்ப சரி" என்றார்.

துவக்கு, றப்பர், பூச்சு, தோட்டா, சுட்டுப் பழகிய இடத்துக் கட்டணம் எல்லாம் சேர்த்து இருநூற்றிருபத்தெட்டு டொலர். விற்ற எழுபதைக் கழித்தால், அந்தக் காலையில் அப்பாவுக்கு முடிந்தது நூற்றைம்பத்தெட்டு. மாமாவுக்கு முடிந்தது கால் போத்தல் தேங்காய் எண்ணெய்: அறுபது சதம்.