மருந்துக்குக் கேட்காத விரல்

என் மனைவியின் காக்கா, அதாவது அவளுடைய அண்ணன், என் மச்சான், கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். நிந்தவூரில் அவரைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட முடியாது. நோன்பு வந்தால் பள்ளிவாசல் கஞ்சிக்கு இருபது கோழி அவருடையது. ஒலிபெருக்கியில் அதைச் சொல்லும்வரை வாசலிலேயே நிற்பார். சொன்னதும் ஒன்றும் தெரியாதவர்போலத் தலையைக் குனிந்துகொள்வார். அந்த நடிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய கோழிகள் வெறும் தண்ணீர் குடித்து நான் கண்டதில்லை. ஒரு கோழி தும்மினால் ஆயிரம் கோழிக்கும் மருந்து. தும்மாவிட்டாலும் மருந்து, சதை போடுமாம். மிருக வைத்தியரைக் கேட்டீர்களா என்றால், "அவருக்கென்ன தெரியும் மச்சான்? நான் பத்து வருஷமாக் கலக்கிறன்" என்பார். முறைப்படி அறுத்ததா என்று ஊரே கேட்கும். என்ன குடித்து வளர்ந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கண்ணால் கண்ட நானும் ருசித்துத்தான் தின்றேன்.

போன நோன்பில் கஞ்சிக்கான கோழியைச் சுத்தம் பண்ணும்போது என் மனைவியின் வலது ஆட்காட்டி விரலில் எலும்பு குத்தியது. அவள் தையல் தைப்பவள். மூன்றாம் நாள் விரல் வாழைப்பழம்போல வீங்கியது. கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஊசிமேல் ஊசி போட்டும் வீக்கம் உள்ளங்கைக்கு இறங்கியது.

சீழைப் பரிசோதித்த அறிக்கை வந்தபோது மச்சானும் பக்கத்தில் நின்றார். கிருமி கேட்காத மருந்துகளை டொக்டர் ஒவ்வொன்றாக வாசிக்க, மச்சான் தலையாட்டினார். "ஓம் டொக்டர், இது எங்கட கோழிக்கும் இப்ப கேக்குதில்ல. மத்தது போன வருஷத்தோட சரி." துளி வெட்கமில்லை. தொழில் தெரிந்த இருவர் கதைப்பதுபோலக் கதைத்தார். அந்தக் கிருமி அவருடைய கோழியிலிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவரை அறைய வேண்டும்போல இருந்தது.

"இனி ஒரே ஒரு மருந்துதான் மிச்சம். அதுக்கும் கேக்கல்ல எண்டா விரலை எடுக்கத்தான் வேணும்," என்றார் டொக்டர்.

மச்சான் பேனையை எடுத்தார். "அதின்ட பேரைச் சொல்லுங்க டொக்டர். தண்ணியில கலக்கிற தூளாயும் வருமா?"

காக்காவை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத என் மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "சொல்லாதீங்க டொக்டர்," என்றாள்.

டொக்டர் பேரைச் சொல்லாமல், மருந்தை அவளுடைய அட்டையில் எழுதி, கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். மச்சான் குனிந்து, ஓர் எழுத்தும் பிசகாமல், அதைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

விரல் அந்த மருந்தால்தான் தப்பியது. இப்போது அதை அவருடைய கோழிகளும் குடிக்கின்றன.