சிவப்புத் துணி கட்டிய சுவிட்ச்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வீட்டிலிருந்த பழைய கணினிக்குப் புதிய விண்டோஸ் ஏற்றியது. ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நெத்திலிச் சம்பல் வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. பக்கிரிசாமி ஸ்வெட்டருக்கு மேல் ஒரு துண்டையும் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் சுபத்ரா கோலாலம்பூரிலிருந்து கொண்டுவந்த பென்டிரைவைச் செருகிவிட்டு, பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஆகும்ப்பா. நீங்க போய்ப் படுங்க."

"மெஷின ஓட விட்டுட்டு ஆளு தூங்குனா கிராணி சும்மா விடுவானா?"

"இங்க எந்தக் கிராணி இருக்காரு?"

"நீதான். கேஎல் கிராணி."

சுபத்ரா சிரித்தாள். தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் குமாஸ்தாவுக்குக் கிராணி என்று பெயர். திரை கறுத்தது. கணினி மறுபடி தொடங்கியபோது நீளமாக ஒரு பீப் சத்தம் வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: ஹார்ட் டிஸ்க் பழுதாகப் போகிறது, உடனே நகல் எடுத்துவிட்டு டிஸ்கை மாற்றவும், தொடர F1 அழுத்தவும்.

அவளுடைய பிழைப்பே இதுதான். ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள். இந்த வரியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பார்த்ததும் முழு நகல் எடுத்துவிட்டு, டிஸ்கைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவாள். அங்கே டிஸ்குக்குள் இருப்பது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. இங்கே தெரியும்.

"ப்பா, இந்த எழுத்து முன்னாடியே வந்துச்சா?"

பக்கிரிசாமி நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வரும். குளிருக்கு வரும். அந்த F1ஐ அமுக்குனா போயிடும்."

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னாலேர்ந்துன்னு வையேன்."

"ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"தெனம் கத்துறத எல்லாம் உனக்கு போன் போட்டுச் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? இந்தக் கருப்பையாகூடத்தான் தெனம் கத்துறான்."

தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு இடையே ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கத்திலிருந்து கருப்பையாவின் குரல் வந்தது. "என் பேரு அடிபடுது போல?"

"நல்லதா ஒண்ணும் இல்ல, நீ தூங்குலா!"

பக்கிரிசாமியும் கருப்பையாவும் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். வேலைக்காலம் முழுவதும் இலையை உலர்த்தும் மெஷினுக்கு முன்னால்தான் நின்றார்கள். அதைப் பற்றிப் பக்கிரிசாமிக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. முதுகுவலிதான் மிச்சம் என்பார். அவருக்குப் பெருமை மைக்செட்டில். தோட்டத்துக் கோயிலின் ஒலிபெருக்கி அவர் பொறுப்பில் இருந்தது. யாரோ விற்ற வீடியோ கேமரா ஒன்றை வாங்கி, கல்யாணம், காதுகுத்து, தீமிதி, விளையாட்டுப் போட்டி என்று தோட்டத்தில் நடந்த எல்லாவற்றையும் எடுத்தார். நன்றாக எடுத்தார் என்று யாரும் சொன்னதில்லை. பாதிப் பேருக்குத் தலை இருக்காது. ஆனாலும் எடுத்ததெல்லாம் இந்தக் கணினிக்குள் வந்து சேர்ந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகும், மைக்செட்டுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி மேனேஜர் அவர் குடியிருந்த வீட்டைத் திரும்பக் கேட்கவில்லை. மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரும் கணினியும்தான்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வேலம்மா வருவார். மேல் லயனில் இருப்பவர். அவருடைய ஒரே மகன் அகிலன், ரிங்லெட் டவுனுக்குக் கீழே மலைப்பாதை வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து இறந்துபோனான். படங்கள் வீட்டில் இருக்கின்றன. நடக்கிற அகிலன், பேசுகிற அகிலன் இந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தான்: விளையாட்டுப் போட்டியன்று பக்கிரிசாமி எடுத்த ஒரு சின்னத் துண்டு. கோயிலுக்குப் போய்விட்டு வேலம்மா வருவார். பக்கிரிசாமி டீ போட்டு, பிஸ்கட் தட்டை எடுத்து வைத்து, அந்தத் துண்டை ஒரு தடவை ஓட விடுவார். ஒரே ஒரு தடவைதான். இன்னொரு தடவை பார்த்தால் வேலம்மா வீடு போய்ச் சேராது என்பார் மகளிடம். வேலம்மாவும் கேட்டதில்லை. "வர்றேண்ணே" என்று எழுந்துவிடுவார்.

"நிறுத்திடலாம்ப்பா," என்றாள் சுபத்ரா. "மொதல்ல எல்லாத்தையும் நகல் எடுத்துக்குவோம்."

"எதுல எடுப்ப?"

பென்டிரைவில் கொள்ளாது. பெரிய டிஸ்க் கோலாலம்பூரில், ஆபீஸ் மேசைக்குள் கிடந்தது.

"கொழுந்து உள்ள ஏறிடுச்சும்மா. பாதியில அணைச்சா உள்ள இருக்கறதும் கருகும், மெஷினும் கெடும். காலியாகுற வரைக்கும் ஓட விடணும்." சொல்லிக்கொண்டே அவர் கட்டைவிரலால் F1ஐ அழுத்தினார்.

அவர் சொன்னதில் தவறில்லை. சாகக் கிடக்கும் டிஸ்குக்கு ஓடுவதைவிட நின்று மறுபடி எழுவதுதான் ஆபத்து. இருவரும் உட்கார்ந்து சதவீதம் ஏறுவதைப் பார்த்தார்கள். பெட்டிக்குள் மணலை அரைப்பது போல ஒரு சத்தம் வந்து வந்து போனது. வெளியே பனி இறங்கி எதிர்மலையை மூடியபோது, புதிய விண்டோஸ் எழுந்து வணக்கம் சொன்னது. பக்கிரிசாமி முதலில் திறந்தது அகிலனைத்தான். ஓடியது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள்.

"இனிமே இத அணைக்கவே கூடாது," என்றாள் அவள். "அணைச்சா மறுபடி எந்திரிக்குமான்னு தெரியாது. தேவையில்லாம எதையும் திறந்து பாக்காதீங்க. பெரிய டிஸ்க்க பஸ்ஸுல அனுப்பி வைக்கிறேன். தானா ராத்தா பஸ் ஸ்டேஷன்ல வாங்கி, இதுல குத்துனா போதும். மிச்சத்த நான் அங்கேர்ந்தே பாத்துக்குறேன்."

"வெள்ளிக்கிழமை வேலம்மா வருமே?"

"அது ஒண்ண மட்டும் போடுங்க."

அந்தத் துண்டை மட்டுமாவது பென்டிரைவில் எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. இடம் இருந்தது. கைப்பேசியைத் திரைக்கு நேராகப் பிடித்திருந்தால்கூடப் போதும். ஆனால் பழுதாகும் டிஸ்கைத் துண்டு துண்டாகத் தொடக் கூடாது, முழுதாக ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்பது அவள் தொழிலில் படித்த பாடம். பாடம் சரிதான்.

பக்கிரிசாமி அலமாரியைக் கிளறி ஒரு சிவப்புத் துணித் துண்டைத் தேடி எடுத்து, சுவரிலிருந்த சுவிட்சை மூடிக் கட்டினார். பேக்டரியில் அப்படித்தான். நிறுத்தக் கூடாத மெஷினின் சுவிட்சில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துரையே வந்தாலும் தொட முடியாது. கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். அவன் விழுந்துவிட்டால் அவனோடு ஷிப்டில் நிற்கும் கூட்டாளி அவிழ்க்கலாம்.

திங்கட்கிழமை சுபத்ரா டிஸ்கை அனுப்பினாள். அந்த வாரச் சனிக்கிழமை பக்கிரிசாமி கருப்பையாவின் வேனில் தானா ராத்தாவுக்குப் போனார். மாலையில் அவள் போன் செய்தாள்.

"எடுத்துட்டீங்களா?"

"எதம்மா?... அடடா."

"அப்பா!"

"டீக்கடையில ஆண்டியப்பனப் பாத்தேன். ரிங்லெட் வீட்டக் காலி பண்ணிட்டு மகன்கூட ஈப்போ போறானாம். பேசிக்கிட்டே இருந்தமா, மழ புடிச்சுக்கிச்சு. கருப்பையா வேன்ல உக்காந்து ஆரன அமுக்குறான், கெழவன் ஊரையே கூட்டுறான். ஓடிப்போய் ஏறிட்டேன். குடையக்கூட எங்கயோ விட்டுட்டேன்."

"நாளைக்கு பஸ் புடிச்சுப் போயிட்டு வாங்களேன்."

"நாளைக்குக் கோயில் கூட்டம். அடுத்த சனி எடுத்துர்றேன். அது எங்க ஓடிடப் போவுது? இங்க மெஷினும் நல்லாத்தான் ஓடுது. இந்தா, கேளு." போனைக் கணினிக்குப் பக்கத்தில் பிடித்தார். டிஸ்க் சுற்றும் இரைச்சல் அவளுக்குக் கேட்டது. மணல் அரைக்கும் சத்தமும் கேட்டது.

"சரிப்பா. அடுத்த சனி மறந்துடாதீங்க."

அடுத்த சனிக்கு அவர் இல்லை.

வியாழக்கிழமை காலையில், வழக்கம் போலக் குளித்துவிட்டுக் கணினியில் முருகன் பாட்டைப் போட்டிருக்கிறார். பாட்டு முடிந்து, முதலிலிருந்து மறுபடி ஓடி, மறுபடியும் ஓடியிருக்கிறது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பையா, "டேய் பக்கிரி, வேற பாட்டே கெடையாதா?" என்று கத்தினார். பதில் இல்லை. வந்து பார்த்தார். பக்கிரிசாமி நாற்காலியில் துண்டைப் போர்த்தியபடி இருந்தார். நெஞ்சுதான் என்றார்கள் பிறகு.

கருப்பையா கூட்டாளியின் கண்களை மூடினார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சாவு வீட்டில் பாட்டு ஓடக் கூடாது. அவருக்குக் கணினியில் நிறுத்தத் தெரியாது. சுவர்ப் பக்கம் திரும்பினார். சிவப்புத் துணி கட்டியிருந்தது.

இதையெல்லாம் அவரே சுபத்ராவிடம் சொன்னார். சுடுகாட்டிலிருந்து திரும்பிய மாலை, கால் கழுவிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது.

"கட்டுனவன் விழுந்துட்டான். நான்தானே அவுக்கணும்? அவுத்து, சுவிட்ச அணைச்சு, துணிய மடிச்சு அவன் சட்டப் பாக்கெட்லயே வச்சேன். அவனோடயே போயிடுச்சு." அவள் முகத்தைப் பார்த்து, "சரிதானம்மா?" என்றார்.

"சரிதான் மாமா."

சாம்பல் கரைத்த பிறகு அவள் அந்தச் சுவிட்சைப் போட்டாள். பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. டிஸ்க் சுற்ற முயன்று, டக் என்றது. மறுபடி டக். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். உடனே நிறுத்தினாள். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கவில்லை; போட்டால் உள்ளே இருப்பது இன்னும் சுரண்டிப்போகும். டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி, கோலாலம்பூரில் பழுதான டிஸ்கை மீட்பதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் கொடுத்தாள். சில நாளில் அவர் அழைத்தார். உள்ளே சுழலும் தட்டின் மேற்பரப்பு முழுக்கக் கீறல், எடுக்க ஒன்றும் இல்லை என்றார். அவள் நன்றி சொன்னாள். மறுபடி கேட்கவில்லை. அவளே பலரிடம் சொல்லியிருக்கும் பதில்தான் அது.

கருப்பையாவிடம், டிஸ்க் எப்படியும் போயிருக்கும் மாமா என்று மட்டும் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

கருமக்கிரியை முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, வேலம்மா வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் கோயில் பூ.

"அண்ணன் இல்லாட்டி என்ன, நீ இருக்கியேன்னு வந்தேன் பாப்பா. போடுறியா?"

சுபத்ரா டீயும் பிஸ்கட் தட்டும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு சொன்னாள். "போயிடுச்சு அத்தை. டிஸ்க்கே போயிடுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"உங்கம்மா இருக்கறதெல்லாம்?"

"அம்மாவும்தான்."

வேலம்மா கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார். ஆற அமர, முழுதாகக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, திடீரென்று ஒரு கரகரத்த ஆண் குரலில் பேசினார்.

"டேய் அகிலா, நேரா நில்லுடா, தல வெட்டுது."

சுபத்ரா நிமிர்ந்தாள்.

"வெட்டுனா வெட்டட்டும் மாமா, மூஞ்சி தெரியுதா?" இது வேறு குரல், இளசு. "தெரியுது தெரியுது, பரங்கிக்கா மாதிரி." மறுபடி கரகரப்பு. உடனே இளங்குரல்: "யம்மோவ், கோழி அடிச்சு வையி, கப்போட வர்றேன்!"

அதன் பிறகு வேலம்மா இருமினார். சிரிப்பில் புரையேறி, கடைசியில் இழுத்து முடிகிற இருமல். பக்கிரிசாமியின் இருமல்.

"இத்தோட முடிஞ்சிரும்," என்றார் வேலம்மா, தன் குரலில்.

கேமராவுக்குப் பின்னால் அப்பா பேசிக்கொண்டிருந்தார் என்பது சுபத்ராவுக்குத் தெரியாததல்ல. அவளும் அந்தத் துண்டைப் பல தடவை பார்த்திருக்கிறாள். பார்த்தபோதெல்லாம் பையனைத்தான் பார்த்தாள். அவள் கைப்பேசி மடியிலேயே இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க அத்தை."

வேலம்மா தலையை ஆட்டினார். "ஒரு தடவதான் பாப்பா. அண்ணனும் ஒரு தடவதான் போடுவாரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டி, சாவியைக் கருப்பையாவிடம் கொடுத்துவிட்டு, சுபத்ரா தானா ராத்தா பஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள். பஸ் வர நேரம் இருந்தது. பார்சல் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

"பக்கிரிசாமியா? அந்த அங்கிள்தான் அன்னிக்கே வந்தாரே அக்கா. ஐசி கார்டு காட்டி சைன்கூடப் போட்டுட்டாரு."

"சைன் போட்டுட்டாரா?"

"ஆமா. மழ வர்ற மாதிரி இருக்கு, டீ கடைக்கு எடுத்துட்டுப் போனா பெட்டி நனைஞ்சிடும், ஒரு டீ குடிச்சிட்டு வந்து எடுத்துக்குறேன்னாரு. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன், வரவே இல்ல."

அந்தப் பெண் குனிந்து, கவுண்டருக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து மேலே வைத்தாள். அதோடு, மடங்கிக் கிடந்த ஒரு குடையையும்.