அழுத குழாயும் பேய் டீச்சரும்

மாலை வகுப்பில் அவருக்குப் பேய் டீச்சர் என்று பெயர். வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். முதல் மாதம் இலக்கணப் புத்தகத்தை வைத்து நடத்தினார். பதினோரு பேரில் ஏழு பேர் தூங்கினார்கள். தையற்காரம்மா குறட்டையே விட்டார். மறுவாரம், பாழடைந்த மாளிகை, கல்லறை, மூடுபனி என்று பழைய பேய்ப்பாட்டுகளாகப் பொறுக்கி எடுத்துவந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படித்தார். ஒருத்தரும் கண்ணை மூடவில்லை.

இத்தனைக்கும் அவர் சுத்தப் பயந்தாங்கொள்ளி. வீட்டில் பாடம் தயார்செய்து முடிக்கும்வரை கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒருநாள் சொல் பாடம். "முனகல், புலம்பல், அரற்றல், ஓலம். நாலும் ஒண்ணில்ல," என்றார் டீச்சர்.

"எங்க குழாய்ங்க நாலையும் செய்யும் டீச்சர்," என்றார் குழாய் ரிப்பேர்க்காரர்.

அடுத்துத் தற்குறிப்பேற்ற அணி: தானாக நடப்பதற்குக் கவிஞர் தாமாக ஒரு காரணம் ஏற்றிச் சொல்வது. "கதவு காத்துல ஆடுது. கவிஞர் என்ன சொல்றார்? உள்ள வராதேன்னு நம்மள விரட்டுதாம்!"

ரிப்பேர்க்காரருக்கு அது நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் அடுக்குமாடி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு அதன் மேலாளருக்கு அறிக்கை எழுதினார்: "அடித்தளத்தில் கிழவி ஒருத்தி தனிமை தாங்காமல் அழுகிறாள். தொண்டையில் ஏதோ அடைப்பு. நாளை அறுத்து எடுத்துவிடுகிறேன்."

மேலாளர் போலீசைக் கூப்பிட்டார்.

"எங்க டீச்சரைக் கேளுங்க சார்!" என்று ரிப்பேர்க்காரர் கதற, டீச்சர் கையில் சாக்பீசோடு ஓடிவந்தார். எல்லோரும் அடித்தளத்துக்கு இறங்கினார்கள்.

"கிழவி எங்கம்மா?" என்றார் மூத்த போலீஸ்காரர்.

"இதோ, இந்தப் பழைய குழாய்தாங்க."

"அழுகை?"

"ஒழுகல். இதுக்குப் பேர் தற்குறிப்பேற்ற..."

அதற்குள் குழாய் நீளமாக ஒரு சத்தம் போட்டது. சந்தேகமே இல்லாமல் ஓலம். டீச்சர்தான் முதலில் படியேறி ஓடினார். போலீஸ்காரர்கள் இருவரும் பின்னாலேயே. ரிப்பேர்க்காரர் மட்டும் நிதானமாக வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

அறிக்கையில் இனி அணி எதுவும் கூடாது என்று மேலாளர் எழுதி ஒட்டினார். ரிப்பேர்க்காரருக்கு இரண்டு நாள் முகம் தொங்கிப்போயிற்று.

இளைய போலீஸ்காரர் அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்தார். தொலைந்துபோன சைக்கிள் ஒன்றைப் பற்றி அவர் எழுதிய முதல் கட்டுரையைக் கேட்டுத் தையற்காரம்மா தேம்பித் தேம்பி அழுதார். டீச்சர் பத்துக்கு ஒன்பது போட்டார். ஒரு மதிப்பெண் சந்திப்பிழைக்குப் போயிற்று.